பிஞ்ச் ஆஃப் சால்ட்: ஒரு சிட்டிகை உப்பு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

எட்டு வருஷம் ஒரு லண்டன் கிளையன்ட்டுக்கு வேலை பாத்தேன், மதியானம் ஒன்றரைக்கு உள்ள போயி ராத்திரி பத்தரைக்கு வெளிய வர்ற யூகே ஷிஃப்ட். இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க தெருப் பசங்க ஆறேழு பேருக்கு மொட்டை மாடில இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுக்குறேன். அதுல மாசத்துக்கு ஒரு தடவையாவது யாராவது "டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்"னா என்னன்னு கேட்டுடுறாங்க, அர்த்தம் சொன்னா அதுலேருந்து பத்து கேள்வி கிளம்புது. வாயால சொல்லி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

இதுக்கு என்னதான் அர்த்தம்?

கேட்டுக்கோ, ஆனா அப்படியே முழுங்கிடாத. அவ்வளவுதான்.

எங்க பெரியப்பா ஏரில மீன் பிடிச்ச கதைய எடுத்துக்கோங்க. பொங்கலுக்குப் பொங்கல் சொல்லுவாரு, முதல்ல மூணு கிலோ இருந்த விரால் இப்ப எட்டு கிலோவுக்கு வந்து நிக்குது. இப்ப அவரு மீனே பிடிக்கலையா? பிடிச்சாரு, பெரியம்மா கொழம்பு வச்சாங்க, நானே சாப்ட்டேன். ஆக மீன் நிஜம், கிலோதான் இடிக்குது. வெள்ளைக்காரன் "பிஞ்ச் ஆஃப் சால்ட்"னு சொல்றது இந்த மாதிரி பேச்சுக்குத்தான், விஷயத்த வாங்கிக்கோ, அதுல சேந்து வர்ற மிகைய கொஞ்சம் கழிச்சுக்கோ.

அப்ப "நம்பாத"ன்னு அர்த்தம் இல்லையா?

இல்ல, இங்கதான் நெறைய பேரு வழுக்கி விழுறாங்க, நானும் விழுந்திருக்கேன்.

வேலைக்குச் சேந்த புதுசு. அடுத்த மாசம் எத்தன போன் கால் வரும்னு ஒரு கணக்கு அனுப்பிட்டு, அந்தப் பக்கத்து மேனேஜர் அம்மா போன்ல, இந்த நம்பர்ஸ பிஞ்ச் ஆஃப் சால்ட்டோட எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன்னா, ஓஹோ இந்த நம்பர் குப்பை, தூக்கிப் போடச் சொல்றாங்க. எக்செல் ஷீட்ல அந்த நம்பர் இருந்த வரிசையையே டெலீட் பண்ணிட்டு, போன மாசம் வந்த 2,100-ங்கற நம்பரையே அடுத்த மாசத்துக்கும் போட்டு, யாரு யாரு என்னைக்கு வேலைங்கற ரோஸ்டர் போட்டேன். அவங்க அனுப்பினது 4,000. மாசம் முடிஞ்சு பாத்தா வந்தது 3,400. அந்த மாசம் பூரா ப்ளோர்ல போன் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, எடுக்க ஆள் இல்ல, டீ குடிக்கப் போனவனையெல்லாம் ஓடிப்போய் இழுத்துட்டு வந்தோம். அப்புறம் அந்த அம்மா கேட்டாங்க, நம்பர் முன்னப்பின்ன இருக்கலாம்னுதானே சொன்னேன், தூக்கிப் போடுன்னா சொன்னேன்? எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

அவங்க சொன்னத ஒழுங்கா புரிஞ்சிருந்தா நான் 3,000 3,500-க்காவது ஆள் போட்டு வச்சிருக்கணும். ஒரு சிட்டிகை உப்புன்னா ஒரு சிட்டிகைதான், முழுசா சந்தேகப்படணும்னா இங்கிலீஷ்ல அதுக்கு வேற வார்த்தை இருக்கு, கீழ சொல்றேன்.

கிரெய்ன் ஆஃப் சால்ட்டா, பிஞ்ச் ஆஃப் சால்ட்டா?

ரெண்டும் சரி. அமெரிக்காக்காரங்க கிரெய்ன்பாங்க, பிரிட்டிஷ்காரங்க பிஞ்ச்பாங்க. இதுல மூத்தது கிரெய்ன்தான், பிஞ்ச் ரொம்பப் பின்னாடி வந்தது. இங்க கிரெய்ன்னா தானியம் இல்ல, உப்புக்கல்லு, ஒரே ஒரு கல்லு. பிஞ்ச்னா கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேத்து கிள்ளி எடுக்குற சிட்டிகை. அளவு வேற வேறன்னாலும் சந்தேகத்தோட அளவு ஒண்ணுதான்.

இது எங்கேருந்து வந்துச்சு? உப்புக்கும் சந்தேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இது ஒரு நல்ல கதை, கொஞ்சம் நீளம்.

இன்னைக்கு துருக்கி இருக்குல்ல, அதோட வடக்குப் பக்கம் கருங்கடல் ஓரமா பொன்டஸ்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. அதுக்கு ராஜா ஆறாம் மித்ரிடேட்டஸ். இவரோட அப்பாவ ஒரு விருந்துல விஷம் வச்சுக் கொன்னுட்டாங்க. அதப் பாத்து வளந்த புள்ளைக்கு வாழ்நாள் பூரா விஷ பயம். அதனால தெனம் கொஞ்சம் கொஞ்சமா விஷத்தையும் தின்னு, அதுக்கு முறிவு மருந்தையும் தின்னு, உடம்பப் பழக்கி வச்சிருந்தாருன்னு சொல்லுவாங்க. ரோமோட மூணு பெரிய யுத்தம் போட்டவரு. கடைசில ரோமானிய தளபதி பாம்பி இவர ஜெயிச்சுட்டாரு. கி.மு. 63-ல, புடிபடக் கூடாதுன்னு விஷம் குடிச்சாரு. குடிச்சா வேலை செய்யல! வருஷக்கணக்கா பழக்கின உடம்பாச்சே. கடைசில கூட இருந்த ஒரு வீரன்கிட்ட வாளால முடிச்சு வைக்கச் சொன்னாருன்னு கதை முடியுது.

அப்புறம் பாம்பி இவரோட ரகசிய அறைய கிண்டினப்ப, ராஜா தன் கையால எழுதி வச்ச விஷ முறிவு குறிப்பு ஒண்ணு கிடைச்சுதாம். இத எழுதி வச்சது மூத்த ப்ளினின்னு ஒரு ரோமானியர், கி.பி. 77 வாக்குல வந்த அவரோட இயற்கை வரலாறு நூல்ல. குறிப்பு இதுதான்: காஞ்ச வால்நட் ரெண்டு, அத்திப்பழம் ரெண்டு, அருவதாங்கற மூலிகையோட இலை இருபது, எல்லாத்தையும் சேத்து இடிச்சு, ஒரு உப்புக்கல்லு போட்டுக்கணும். வெறும் வயித்துல சாப்ட்டா அன்னைக்குப் பூரா எந்த விஷமும் ஒண்ணும் பண்ணாது.

அந்த "ஒரு உப்புக்கல்லு சேத்து"ங்கறதுதான் நம்ம ஆளு. லத்தீன்ல பின்னாடி இது "கும் கிரானோ சாலிஸ்"னு ஒரு சொல்வழக்கா ஆச்சு, அப்படியே இங்கிலீஷுக்குள்ள வந்துடுச்சு. 1647-ல ஜான் ட்ராப்ங்கற இங்கிலாந்து பாதிரியார் எழுதின பைபிள் உரைல, இத ஒரு உப்புக்கல்லோட எடுத்துக்கணும்ங்கற வரி வருது. இங்கிலீஷ்ல பழைய உதாரணம்னு அகராதிக்காரங்க காட்டுறது அதத்தான்.

அப்ப ப்ளினிதான் இத முதல்ல கிண்டலா சொன்னாரா?

நெட்ல அப்படித்தான் போட்டிருப்பாங்க, ப்ளினி அந்த மருந்த நம்பல, அதான் உப்போட எடுத்துக்கோன்னு நக்கல் பண்ணாருன்னு. அப்படியெல்லாம் இல்ல. ப்ளினியோட உப்பு நெசமான உப்பு, கொழம்புல போடுற உப்பு. அவரு சமையல் குறிப்பு மாதிரி நேரா எழுதிட்டுப் போறாரு. கிண்டல் வேணும்னா பின்னாடி வந்த ஒரு ரோமானியர் மருத்துவத்தப் பத்தி பாட்டாவே எழுதினாரு, அதுல வருது. ராஜாவோட பெட்டிய தொறந்து பாத்த பாம்பி, அட இவ்வளவு சாதாரண சரக்கா, இதுக்கா இவ்வளவு பில்டப்புன்னு சிரிச்சுட்டாருன்னு அவரு எழுதுறாரு. அங்கயும் அந்த "சின்ன உப்புக்கல்லு" இருக்கு.

இன்னொண்ணு, ராஜா செத்து 140 வருஷம் போல கழிச்சுத்தான் ப்ளினி எழுதுறாரு. அவரு கேள்விப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்ட மனுஷன். இந்தியாவப் பத்தி எழுதுறப்ப, ஒத்தக் கால் உள்ள ஜனங்க இருக்காங்க, வெயில் அடிச்சா மல்லாக்கப் படுத்து அந்தப் பாதத்தையே கொடை மாதிரி புடிச்சுக்குவாங்கன்னு எழுதியிருக்காரு. வாயே இல்லாம வாசனைய மோந்தே உயிர் வாழுறவங்க கங்கை பொறக்குற இடத்துல இருக்காங்கன்னும் எழுதியிருக்காரு. அதே மனுஷன்தான் முசிறி துறைமுகத்தப் பத்தியும் எழுதியிருக்காரு, வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் ரோம் காசு இந்தியாவுக்குப் போயிடுதுன்னு பொலம்பியிருக்காரு. முசிறிய நம்பி நம்ம ஆய்வாளர்கள் எத்தனையோ பக்கம் எழுதிட்டாங்க, அந்த 5 கோடிய மட்டும் பலரும் தயங்கித் தயங்கித்தான் தொடுறாங்க. பாத்தீங்களா, ஒரே ஆளு, ஒரே புஸ்தகம், முசிறிய வாங்கிக்கிறோம், கொடைக்கால் ஜனங்கள விட்டுடுறோம், 5 கோடிக்கு உப்பு போட்டுக்கிறோம். இந்தச் சொல்வழக்க எப்படி பயன்படுத்தணும்ங்கறதுக்கு இவர விட நல்ல ஆளு எனக்குக் கிடைக்கல. பாவம், 79-ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்ப கிட்டப் போயி செத்தாரு.

சரி, ஆனா ஏன் உப்பு? சர்க்கரை ஏன் இல்ல?

ரெண்டு விதமா சொல்லுவாங்க. ஒண்ணு, சப்புன்னு இருக்குற சாப்பாட்ட உப்பு போட்டா முழுங்க முடியுற மாதிரி, முழுங்க கஷ்டமான பேச்சையும் கொஞ்சம் உப்பு தொட்டு முழுங்கு. இது எல்லாருக்கும் சட்டுனு புரியும். இன்னொண்ணு, லத்தீன்ல "சால்"ங்கற உப்புக்கு புத்திசாலித்தனம், நகைச்சுவைங்கற அர்த்தமும் உண்டு, அதனால கிரானோ சாலிஸ்னா ஒரு துளி மூளையோட கேளுன்னு எடுத்துக்கலாம். இத்தாலிக்காரங்க இன்னைக்கும் அந்த லத்தீன் தொடர அப்படித்தான் பயன்படுத்துறாங்க, கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பண்ணுங்கற அர்த்தத்துல. எனக்கு இந்த ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு.

இத தமிழ்ல அப்படியே "ஒரு சிட்டிகை உப்போட எடுத்துக்கோ"ன்னு சொல்லலாமா?

தயவுசெஞ்சு வேணாம். ஒரு வெப் சீரிஸ் சப்டைட்டில்ல "அவன் பேச்சை சிட்டிகை உப்புடன் எடுத்துக்கொள்" அப்படின்னு போட்டிருந்தாங்க, எங்க அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு "என்னடா, பேச்ச ஊறுகாய் போடச் சொல்றானா"ன்னு கேட்டாங்க.

விஷயம் என்னன்னா தமிழ்ல உப்புக்கு வேற வேலை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னா நன்றி. சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கிறன்னா ரோஷம், சொரணை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னா ருசி. உப்புச்சப்பில்லாத பேச்சுன்னா ஒண்ணும் விஷயமில்லாத பேச்சு. உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னா செஞ்சதுக்கு அனுபவிக்கிறது. உப்புக்குச் சப்பாணின்னா வெளையாட்டுல சும்மா ஒப்புக்குச் சேத்துக்கிட்ட பொடியன். இத்தனைலயும் எங்கயாவது சந்தேகம் இருக்கா? இல்ல. அதனால நீங்க ஒரு தமிழ் ஆளுகிட்ட "உப்பு போட்டுக் கேளு"ன்னு சொன்னா, அவரு ரோஷத்தோட கேளுன்னு எடுத்துக்கிட்டு சண்டைக்குக் கிளம்பினாலும் கிளம்பிடுவாரு.

அப்ப தமிழ்ல எப்படி சொல்றது?

எவ்வளவு சந்தேகம்ங்கறதப் பொறுத்து. சரியா அந்தச் சிட்டிகை அளவுக்குன்னா, "அவன் சொல்றதுல பாதிய தள்ளிட்டு கேளு"ங்கறதுதான் என்னோட ஓட்டு. "அவரு கொஞ்சம் ஊதித்தான் சொல்லுவாரு"ன்னாலும் அதே வேலை நடந்துடும். எழுத்துல வேணும்னா "இதை அப்படியே ஏற்க வேண்டாம்" இல்லன்னா "சற்று ஐயத்துடனே அணுக வேண்டும்"னு எழுதிக்கலாம், மொழிபெயர்ப்பு வேலை பாக்குறவங்களுக்கு இது போதும்.

பழமொழி வேணும்னு கேக்குறவங்களுக்கு: கேக்குறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான். ஏட்டுல கேழ்வரகுன்னு இருக்கும், எங்க பக்கம் கேப்பைதான். இதோட மாடர்ன் வெர்ஷன் எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டுது. ஆனா பாருங்க, இது சிட்டிகை இல்ல, மூட்டை. கேப்பையில நெய்யே வராது, அப்ப கேக்குறவன் முழு முட்டாள்னு திட்டுறது. பெரியப்பா மீனுக்கு இது செல்லாது. அதே மாதிரி ரீல், கப்ஸா, பீலா, புருடா, உடான்ஸ், இப்ப பசங்க சொல்ற உருட்டு, காதுல பூ சுத்துறது, இதெல்லாம் பொய்னு முடிவே பண்ணிட்டுப் பேசுற வார்த்தை. உருட்டுனு சொல்லியாச்சுன்னா அதுக்கப்புறம் அந்த விஷயத்துல வாங்கிக்க ஒண்ணுமில்ல.

எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்ங்கற குறள், 423-ஆவது, அதுதான் இதுக்குச் சமம்னு ஒரு அண்ணன் எங்கிட்ட வாதாடினாரு. நான் ஒத்துக்கல. வள்ளுவர் மெய்ப்பொருள் காணச் சொல்றாரு, அதாவது போயி விசாரிச்சுக் கண்டுபுடி. தீர விசாரிப்பதே மெய்ங்கறதும் அதேதான். பிஞ்ச் ஆஃப் சால்ட் அவ்வளவு உழைக்கச் சொல்லல, அது சோம்பேறிகளுக்கானது, விசாரிக்க நேரமில்ல, அப்போதைக்கு கொஞ்சம் கழிச்சு வச்சுக்கோங்கற அளவுதான்.

வாக்கியத்துல எப்படி வைக்கிறது? எங்க தப்பு பண்றோம்?

வினைச்சொல் "டேக்"தான், அத மாத்தாதீங்க. "புட் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்"னா சமையல். "டேக் இட் டு எ பிஞ்ச்" கிடையாது, "வித்"தான் வரணும். "எ" விட்டுப்போகக் கூடாது. ஸ்பூன் ஆஃப் சால்ட் வேணாம்.

எடுத்துக்குறது பெரும்பாலும் ஒரு பேச்சா, செய்தியா, நம்பரா, கணிப்பா இருக்கும். "ஐ டேக் ஹிஸ் ஸ்டோரீஸ் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்" நல்லா இருக்கு. "திஸ் ரிப்போர்ட் ஷுட் பி டேக்கன் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்"னா பத்திரிகை நடை, அதுவும் சரி. ஆள நேரா போட்டு "டேக் ஹிம் வித்"னு பேச்சுல சொல்லுவாங்கதான், ஆனா "வாட் ஹீ சேஸ்"னு சேத்துட்டா சுத்தமா இருக்கும். சந்தேகம் ஜாஸ்தின்னா அவங்களே "லார்ஜ் பிஞ்ச்"னு பெருசாக்குவாங்க, ஹெல்தி பிஞ்ச்னும் சொல்லுவாங்க, கடுப்புல இருந்தா பக்கெட், ட்ரக்லோடுன்னு போயிட்டே இருப்பாங்க, அதெல்லாம் வெளையாட்டு.

மேனேஜர்கிட்ட சொல்லலாமா?

அவரு ரிப்போர்ட்டப் பத்தி அவருகிட்டயேவா? வேணாம். "உங்க ரிப்போர்ட்ட நான் பிஞ்ச் ஆஃப் சால்ட்டோடதான் எடுத்துக்குறேன்"னா, நீங்க அளந்து விடுறீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. மூணாவது ஆள் சொன்னதப் பத்தின்னா பிரச்சனை இல்ல.

உங்களப் பத்தி நீங்களே சொல்லிக்குறதுதான் இதோட அழகான பயன்பாடு. எனக்கு இதுல பெரிய அனுபவம் இல்ல, அதனால நான் சொல்றத பிஞ்ச் ஆஃப் சால்ட்டோட எடுத்துக்கோங்கன்னு ஆரம்பிச்சா, அடக்கமாவும் இருக்கும், நாளைக்கு தப்பாப் போனா நம்ம தலையும் தப்பிச்சுடும். எங்க கிளையன்ட் பக்கத்துல பாதிப் பேரு இப்படித்தான் மீட்டிங் ஆரம்பிப்பாங்க.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுல போடலாமா?

கிராஃப் பாத்து எழுதுற பகுதில வேணாம், கட்டுரைலயும் எனக்கு உடன்பாடு இல்ல. ஸ்பீக்கிங்ல ஒரு தடவை, தானா வந்தா போடுங்க. மனப்பாடம் பண்ணிட்டுப் போயி திணிச்சா எதிர்ல இருக்குறவருக்கு உடனே தெரிஞ்சுடும்.

இது மாதிரி வேற என்னென்ன இருக்கு? எல்லாம் ஒண்ணா?

ஒண்ணு இல்ல, படிக்கட்டு மாதிரி. அடில முழுசா நம்புறவன், அவனுக்கு "ஹூக் லைன் அண்ட் சிங்கர்"னு பேரு, மீனு தூண்டில் முள்ளு, கயிறு, ஈயக்கட்டி எல்லாத்தையும் சேத்து முழுங்கின மாதிரி. அடுத்தது "அட் ஃபேஸ் வேல்யூ", நோட்டுல 100-னு போட்டிருந்தா 100-தான்னு மேலோட்டமா எடுத்துக்குறது. அதுக்கு மேல "பெனிஃபிட் ஆஃப் த டவுட்", இத நெறைய பேரு பிஞ்ச் ஆஃப் சால்ட்டோட கொழப்பிக்கிறாங்க, ஆனா திசையே வேற: சந்தேகம் இருக்கு, இருந்தாலும் போனாப் போகுதுன்னு அவன் பக்கம் சாஞ்சு நம்புறது பெனிஃபிட். பிஞ்ச்ல நம்புறோம், ஆனா கொஞ்சம் நம்ம பக்கம் இழுத்துப் புடிச்சுக்குறோம். மேல் படில "ஐ டோன்ட் பை இட்", நான் இத வாங்கல, முடிஞ்சுபோச்சு. அந்த மேனேஜர் அம்மா நம்பரத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தா இதத்தான் சொல்லியிருப்பாங்க.

உப்பு வர்றதெல்லாம் இதோட சொந்தம்னு நெனச்சுடாதீங்க. "வொர்த் ஹிஸ் சால்ட்"னா வாங்குற சம்பளத்துக்கு வேலை செய்யுறவன். "சால்ட் ஆஃப் த எர்த்"னா வெள்ளந்தியான நல்ல மனுஷன், பைபிள்ல மத்தேயு 5:13-ல பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்னு வருமே, அதுலேருந்து. புண்ணுல உப்பு தடவுறது மட்டும் நமக்கும் அவங்களுக்கும் ஒரே எரிச்சல்.

மத்த மொழிக்காரங்க என்ன சொல்றாங்க?

டச்சுக்காரங்க உப்புக்கல்லுதான், ஸ்வீடன்காரங்க சிட்டிகை, ஜெர்மன்ல அந்த லத்தீன அப்படியே சொல்லுவாங்க. ஃப்ரெஞ்சுக்காரங்க உப்ப விட்டுட்டு இடுக்கிக்குப் போயிட்டாங்க, "இடுக்கியால எடுக்கணும்"பாங்க, ஸ்பெயின், இத்தாலிலயும் அதேதான். நான் மொதல்ல கேட்டப்ப இதுதான் டக்குனு மனசுல ஒட்டுச்சு, சூடான பாத்திரத்த கையால தொடாம இடுக்கி போட்டு எடுக்குறோம்ல. ஒரு எச்சரிக்கை: ஃப்ரெஞ்சுல "தன்னோட உப்புக்கல்ல போடுறது"ன்னா அடுத்தவன் பேச்சுல மூக்க நுழைக்கிறது.

ரோம் சிப்பாய்களுக்கு உப்பத்தான் சம்பளமா குடுத்தாங்களாமே, அதான் சாலரியாமே?

இதுக்கே ஒரு சிட்டிகை தேவைப்படும். சாலரிங்கற வார்த்தை லத்தீன் "சாலாரியம்"ல இருந்து வந்தது, அதுல "சால்" இருக்கு, அந்தத் தொடர்ப நம்ம ப்ளினியே சொல்லியிருக்காரு. அது வரைக்கும் சரி. ஆனா சிப்பாய்க்கு காசுக்குப் பதிலா உப்பு மூட்டைய அளந்து குடுத்தாங்கன்னு அந்தக் காலத்து எழுத்து எதுவும் சொல்லல, அவங்க வாங்கினது காசு. வார்த்தைய வாங்கிக்கோங்க, மூட்டைய விட்டுடுங்க.

இதோட தம்பி ஒண்ணு தமிழ்லயும் சுத்துது, சம்பா நெல்லும் அளமும் சேந்துதான் சம்பளம், அளம்னா உப்புன்னு. மாசாமாசம் ஒண்ணாந் தேதி எங்க ஃபேமிலி க்ரூப்புக்கு வந்துடும், அத்தைதான் அனுப்புவாங்க. அளம்ங்கற சொல் நெசம், உப்பளம்னு தெனமும் சொல்றோம். நெல்லுக்கு உப்பு மாத்திக்கிட்டதும் நெசம், உப்பும் நெல்லும் சரிக்குச் சரின்னு கூவி வித்த உமணர், அதாவது உப்பு வியாபாரிங்க, வீட்டுப் பொண்ணுங்க அகநானூறுல இருக்காங்க. ஆனா இந்த ரெண்டு நெசத்தையும் ஒட்டவச்சா சம்பளம் வந்துடும்ங்கறதுதான் பாதிய தள்ளிட்டு கேக்க வேண்டிய எடம், ஏன்னா வழிக்குக் கட்டிக் குடுக்குற சாப்பாட்டச் சொல்ற சம்பலம்னு ஒரு சொல் சமஸ்கிருதத்துல இருக்கு, கன்னடத்துல சம்பளாவே இருக்கு. அத்தைகிட்ட இத சொல்லப் போயி, "நீ ரொம்பப் படிச்சுட்ட"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

எந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் உப்பு போடலாம், ஒரு கணக்கு இருக்கா?

சொல்றவருக்கு அதுல என்ன லாபம்னு பாருங்க, அதுதான் கணக்கு.

போன வருஷம் வாடகைக்கு வீடு தேடினப்ப ஒரு புரோக்கர் "ஸ்டேஷன்லேருந்து அஞ்சு நிமிஷம் சார்"னாரு. நடந்து பாத்தேன், வெயில்ல, இருபத்தி ரெண்டு நிமிஷம், நடுவுல லெவல் க்ராஸிங் வேற. கேட்டா "சார் நான் பைக்ல சொன்னேன்"ங்கறாரு, அதுவும் காலைல அஞ்சு மணிக்கு கேட் தொறந்திருக்குறப்ப. அவரு சொன்னது பொய்யா? இல்ல, அஞ்சு நிமிஷத்துல போகவும் முடியும். அவருக்கு ஒரு மாச வாடகை கமிஷன், அந்த கமிஷன்தான் பதினேழு நிமிஷத்த முழுங்கிடுச்சு. அதுலேருந்து புரோக்கர் நிமிஷத்த நாலால பெருக்கிக்கிறேன்.

ஆன்லைன்ல அஞ்சு ஸ்டார் ரிவ்யூவும் அப்படித்தான். ஒரு தடவை வாங்கின ஹெட்செட் டப்பாக்குள்ள ஒரு துண்டுச்சீட்டு, அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா 100 ரூபா. அன்னைலேருந்து நான் மூணு ஸ்டார் ரிவ்யூவத்தான் முதல்ல படிக்கிறது, அவனுக்கு யாரும் காசு குடுத்திருக்க மாட்டாங்க, கோவத்துலயும் இருக்க மாட்டான்.

மருந்து விஷயத்துல மட்டும் சிட்டிகை கணக்கு ஆகாது. பெரியப்பா மீன்ல கிலோ தப்பினா நஷ்டமில்ல, சர்க்கரைக்கு மாத்திரைய நிறுத்திட்டு இந்தக் கசாயம் குடின்னு வர்ற ஃபார்வர்டுல பாதிய எடுத்துக்கிட்டாலே ஆஸ்பத்திரிதான், அத டாக்டர்கிட்ட காட்டி கேட்டுடுங்க.

அந்த ராஜாவோட மருந்த வீட்ல செஞ்சு சாப்ட்டா என்ன ஆகும்?

பையன் ஒருத்தன் சீரியஸாவே கேட்டான், அதனால பதில். விஷத்துக்கெல்லாம் அது நிக்காது. மித்ரிடேட்டஸ் பேர வச்சு அம்பது அயிட்டம் சேத்த லேகியமெல்லாம் ஐரோப்பால நூத்துக்கணக்கான வருஷம் வித்துச்சு, 1745-ல வில்லியம் ஹெபர்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் உக்காந்து, இதெல்லாம் சும்மான்னு ஒரு சின்னப் புஸ்தகமே போட்டு கிழிச்சுட்டாரு. அருவதா இலை வேற சாதுவான சரக்கு இல்ல, ஜாஸ்தியா உள்ள போனா வயித்தக் கெடுக்கும், கர்ப்பமா இருக்குறவங்க தொடவே கூடாது, அதோட சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா கொப்புளமே கெளம்பும். இலைய விட்டுட்டு வால்நட்டையும் அத்திப்பழத்தையும் சாப்டுங்க, நல்லாருக்கும், உப்பு வேணாம்.